கம்பிக்குக் கொடுத்த காசு

போன மார்கழியில் ஒருநாள் இரவுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி கண்ணைச் சுருக்கியபடி, “என்னங்க, படம் ஒரே புகைமூட்டமா இருக்கே, டிவி போயிருச்சா?” என்றாள். எனக்குப் படம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் நாற்பது வருடம் ஆன்டெனாவோடும் கேபிளோடும் குடித்தனம் நடத்தியவன் நான். படம் மங்கினால் முதலில் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். கம்பியைத்தான்.

மறுநாள் டவுனுக்குப் போனேன். பெரிய கடை, பெயர் வேண்டாம். செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கம்பி கேட்டேன். ஒரு கொக்கியில் 250 ரூபாய்க்கு ஒன்று தொங்கியது. அதை எடுக்கப் போனேன். கடைப் பையன், “சார், அது சும்மா லோக்கல். உங்க டிவிக்கு இதைப் போடுங்க. ஆக்சிஜன் இல்லாத காப்பர், தங்க முலாம், பிரீமியம் ஐட்டம். படம் அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கும்” என்று கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். இரண்டு மீட்டர் கம்பி, 2,790 ரூபாய்.

முப்பது வருடத்துக்கு மேல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த விலைக்காரரை எல்-1 என்று குறித்து மேலிடத்துக்கு அனுப்பியவன் நான். நாற்காலி வாங்கினாலும் சரி, நாடா வாங்கினாலும் சரி, விவரக்குறிப்பைப் படிக்காமல் கையெழுத்து வைத்ததில்லை. அன்றைக்கு எதையும் படிக்கவில்லை. பென்ஷன் கார்டைத் தேய்த்துவிட்டு வந்தேன். வீட்டில் விலை கேட்டாள். “முந்நூத்தம்பது” என்றேன்.

கம்பியை மாட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஆமா, இப்பக் கொஞ்சம் தெளிவாத்தான் இருக்கு” என்றாள். எனக்கும் தெளிவாகத்தான் பட்டது.

இதைப் படித்துச் சிரிக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் வயதுக்காரர்கள் கடைக்காரனிடம் இப்படி ஏமாறுவது புத்தி இல்லாததால் அல்ல. நாம் கற்ற பாடம் அப்படி. விலை கூடிய கம்பி நல்ல படம் தரும் என்பது ஒரு காலத்தில் சத்தியமான உண்மை. அது எப்போது, எப்படிப் பொய்யானது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது மதுரைக்காரர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சென்னையின் அலை இங்கு எட்டாது. தென் மாவட்டங்களில் பலர் முதன்முதலாகப் பார்த்த டிவி இலங்கையின் ரூபவாஹினிதான். 1982 பிப்ரவரியில் அது தொடங்கியது. ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகலை மலையில் இருந்ததால் கடல் தாண்டியும் அலை வந்தது. ஆனால் சும்மா வந்துவிடாது. மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, தென்கிழக்கே திருப்பி, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று, “வருதா?”, “போச்சு!”, “இப்ப?” என்று கத்த வேண்டும். காற்றடித்தால் மறுபடியும் மாடி ஏற வேண்டும்.

பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷனின் பெரிய கோபுரம் வந்தது. பசுமலைத் தெருக்களில் அதுவரை தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த ஆன்டெனாக்கள் எல்லாம் நாகமலைக்கு மேலே வடமேற்கே திரும்பின. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அந்த வருடம் டிவி மெக்கானிக் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: “சார், ரிப்பன் ஒயர் போடவா, கோஆக்ஸ் போடவா?”

ரிப்பன் ஒயர் என்பது இரண்டு கம்பிகளைத் தட்டையான பிளாஸ்டிக் பட்டையில் விலகி நிற்கும்படி வைத்தது. மலிவு. ஆனால் சுற்றிலும் உள்ள எல்லா மின்சாரத் தொல்லைகளையும் அது உள்ளே வாங்கும். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும். கோஆக்ஸ் என்பது நடுவில் ஒரு செம்புக் கம்பி, சுற்றி வெண்ணிறக் காப்பு, அதன் மேல் வலைபோல் பின்னிய இன்னொரு உலோக உறை, அதற்கு மேல் கறுப்புத் தோல். விலை கூடுதல். அந்த உலோக உறை வெளித் தொல்லையைத் தடுத்துவிடும். ரிப்பன் ஒயர் 300 ஓம், கோஆக்ஸ் 75 ஓம் என்று வேறு கணக்கு உண்டு. ஆன்டெனா, கம்பி, டிவி மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சிக்னலில் ஒரு பகுதி திரும்பி ஓடி மறுபடி வரும். கதாநாயகிக்குப் பக்கத்திலேயே அவளுடைய நிழல் ஒன்று நிற்கும்.

அண்டை வீட்டு வாத்தியார் ரிப்பன் போட்டார். நான் கோஆக்ஸ் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு அவர் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கம்பிக்குக் கொடுத்த கூடுதல் காசைக் கண்ணால் பார்க்க முடிந்த காலம் அது.

காரணம் எளிது. அந்த நாள் டிவியில், திரையில் ஒரு புள்ளி எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதை அந்த நொடியில் வரும் மின்னழுத்தமே சொல்லும். கம்பி அதில் கொஞ்சம் தின்றால் படம் அந்த அளவு கெடும். வழியில் வேறு ஏதாவது சேர்ந்தால் அது படத்திலேயே தெரியும். கம்பியும் படமும் ஒரே உடம்பு. இதைத்தான் அனலாக் என்கிறார்கள்.

இந்த உண்மையை உலகம் முதலில் கற்றது டிவியில் அல்ல, தந்தியில். அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலையும் கொஞ்சநஞ்சமல்ல.

நம் நாட்டில் தந்திக்கு அடிபோட்டவர் கல்கத்தாவில் இருந்த ஓஷாக்னஸி என்ற மருத்துவர். 1839-லேயே கல்கத்தா அருகே கம்பி கட்டிச் சோதித்தவர். 1851-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்கு முதல் தந்தித் தடம் போட்டபோது, ஐரோப்பாவில் பயன்பட்ட மெல்லிய கம்பியை அவர் எடுக்கவில்லை. தடித்த இரும்புக் கம்பியை எடுத்தார். இரும்பு, மின்சாரம் கடத்துவதில் செம்பில் ஆறில் ஒரு பங்குதான் தேறும். ஆனால் தடிமன் அந்தக் குறையை ஈடுகட்டியது. நம் ஊர்ப் புயலுக்கும் குரங்குக்கும் பெரிய பறவைகளுக்கும் அது தாங்கியது. உயர்ந்த சரக்கு வேறு, பொருத்தமான சரக்கு வேறு என்று புரிந்த மனிதர். 1855-ன் தொடக்கத்தில் பொதுமக்களுக்குத் தந்தி திறக்கப்பட்டபோது கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் இணைந்திருந்தன.

கடலுக்கு அடியில் கதை வேறு. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே முதல் தந்திக் கேபிள் போட்டார்கள். விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய வாழ்த்தில் 98 சொற்கள். அது போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. மூன்று வாரம்போல் உயிர் இருந்தது. பிறகு கேபிள் செத்தது.

ஏன் அவ்வளவு மெதுவாகப் போனது? நீளமான கடல் கேபிளில் ஒரு புள்ளி அடித்தால் அது மறுமுனையில் புள்ளியாக வெளிவராது. கரைந்து நீண்டு, அடுத்த புள்ளியோடு ஈஷிக்கொள்ளும். மை ஊறும் தாளில் எழுதியது போல. வில்லியம் தாம்சன் என்ற பேராசிரியர், பின்னாளில் கெல்வின் பிரபு, இதைக் கணக்காகவே போட்டிருந்தார். நீளம் இரண்டு மடங்கானால் இந்த ஈஷல் நாலு மடங்காகும். ஆகவே நடுக்கம்பி தடிமனாக வேண்டும், காப்பும் தடிமனாக வேண்டும் என்றார். கம்பெனியின் மின்சார நிபுணராக இருந்த ஒயிட்ஹவுஸ் அதை ஏற்கவில்லை. அவரும் தொழிலில் மருத்துவர்தான். கேபிள் சோர்ந்தபோது சுமார் 2,000 வோல்ட் வரை ஏற்றி அடித்துப் பார்த்தார். போகிற உயிர் சீக்கிரம் போயிற்று.

1858 கேபிளில் ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு செம்பு. அடுத்து 1866-ல் போட்டு வெற்றி கண்ட கேபிளில் 300 பவுண்டு. காப்புக்கு வைத்த கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் 261 பவுண்டிலிருந்து 400 பவுண்டாக உயர்ந்தது. அந்த மரப்பால் மலாய்க் காடுகளிலிருந்து போனது என்பதையும் நம் சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். கூடுதல் காசு கொடுத்தார்கள், கூடுதல் பலன் கிடைத்தது.

ஆனால் என் போன்ற ஸ்டோர்ஸ் குமாஸ்தாவுக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. 1857-ல் தாம்சன் சந்தையில் விற்ற செம்புக் கம்பிகளை எடுத்துச் சோதித்தார. எல்லாம் செம்பு என்றே விற்றவை, பார்வைக்கும் ஒன்றுபோல இருந்தவை. மின்சாரம் கடத்துவதில் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தது. சிறிதளவு கலப்படம் போதும், கடத்தும் திறன் விழுந்துவிடும். அதன் பிறகுதான் கேபிள் ஒப்பந்தங்களில் செம்பின் திறனைச் சோதித்து வாங்கும் வழக்கம் ஊன்றியது. விற்பவனின் வர்ணனையை நம்பாதே, சோதனைச் சான்றைக் கேள். நான் வேலையில் சேர்ந்த முதல் மாதம் என் சூப்பரின்டெண்டெண்ட் சொல்லிக்கொடுத்த பாடமும் இதுதான். அந்தப் பாடத்தை மறந்துதான் கறுப்புப் பெட்டி வாங்கினேன்.

கேபிள் டிவி வந்த தொண்ணூறுகளிலும் இதே அனலாக் நீதிதான். தெருவில் ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்து வீட்டில் படம் பளிச்சென்று வரும், தெருக்கோடி வீட்டில் மழை பெய்யும். 2006 செப்டம்பரில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் வீடுவீடாக வந்தபோதும், பின்னால் செருகியது அதே கறுப்புக் கோஆக்ஸ்தான். ஆகவே ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் மனிதன் கற்றது ஒன்றே: நல்ல கம்பி, நல்ல படம்.

இங்கே கொஞ்சம் சொந்தக் கதை. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் வீட்டு உறவுக்காரர் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் பாரிஸிலிருந்து திரும்பியபோது ஒரு வண்ண டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்புறம் 21 துளைகள் கொண்ட அகலமான ஒரு சாக்கெட். பிரான்சில் அதற்குப் பெரிதெல் என்று பெயர், மற்ற நாடுகளில் ஸ்கார்ட் என்பார்கள். படம், ஒலி, வண்ணம் எல்லாவற்றையும் ஒரே செருகியில் கொண்டுவந்த அதைப் பிரெஞ்சு அரசு எண்பதுகளின் தொடக்கத்தில் எல்லாப் புது டிவிக்கும் கட்டாயமாக்கியிருந்தது. இன்றைய எச்.டி.எம்.ஐ.க்குப் பெரியப்பா என்று சொல்லலாம். பெட்டியை மேசை மேல் வைத்து, ஆன்டெனாவை மாட்டிப் பார்த்தால் வண்ணமும் இல்லை, ஒலியும் இல்லை, படம் என்று எதுவோ நெளிந்தது. உறவுக்காரர் கம்பியை மாற்றினார். அதைவிட நல்ல கம்பி வாங்கி மறுபடி மாற்றினார். பிரான்சின் ஒளிபரப்பு முறை செகாம், நம்முடையது பால். இரண்டும் ஒன்றுக்கொன்று புரியாத பாஷைகள். கம்பி தங்கமாகவே இருந்தாலும் மொழிபெயர்க்காது. அந்தப் பெட்டி பல வருடம் பூச்சாடி வைக்கும் மேடையாக உழைத்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு ஷாப் சகோதரர்கள் கதை உண்டு. கிளோத் ஷாப் என்பவர் 1794-ல் பாரிஸிலிருந்து லீல் நகரம் வரை கோபுரங்களை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றின் உச்சியிலும் மரக்கைகள். கைகளை மடக்கி நீட்டி வைக்கும் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குறி. அடுத்த கோபுரத்துக்காரன் தொலைநோக்கியில் பார்த்து அதே நிலையைத் தன் கோபுரத்தில் வைப்பான். இப்படியே குதிரையை முந்திக்கொண்டு செய்தி ஓடும். அப்போது எங்கள் ஆசிரியரிடம் ஒரு பையன் கேட்டான், “பனி மூட்டமாக இருந்தால்?” அவர் சொன்னார்: “கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிற வரை செய்தி முழுசாகப் போகும். தெரியாவிட்டால் போகாது.” மங்கலாகப் பார்த்த செய்தி மங்கலான செய்தி ஆகாது. பார்க்கிறவன் தொலைநோக்கிக்குப் பித்தளைப் பூண் இருந்தாலும் வெள்ளிப் பூண் இருந்தாலும், அவன் எழுதிக்கொள்ளும் குறி ஒன்றுதான். அறுபது வருடம் கழித்து அந்தப் பதில் எனக்குப் பயன்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டிஜிட்டல் என்பது இதுதான். எச்.டி.எம்.ஐ.யின் முதல் விதிமுறை 2002 டிசம்பரில் வந்தது. ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சோனி, தோஷிபா, சிலிக்கான் இமேஜ் ஆகியவற்றோடு பிரெஞ்சுக் கம்பெனி தாம்சனும் சேர்ந்து உருவாக்கியது. (அந்தத் தாம்சன் வேறு, நம் கெல்வின் பிரபு வேறு. பெயர் ஒற்றுமைதான்.) இதில் கம்பி வழியே படம் போவதில்லை. படத்தை விவரிக்கும் எண்கள் போகின்றன, எல்லாம் ஒன்றும் பூஜ்யமுமாக. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளில் எதில் மின்னழுத்தம் கூடுதல் என்பது மட்டுமே மறுமுனையின் கேள்வி. கொஞ்சம் தேய்ந்து வந்தாலும் பதில் மாறாது. பதில் மாறாவிட்டால் எண் மாறாது, எண் மாறாவிட்டால் திரையில் ஒரு புள்ளியின் நிறமும் மாறாது.

அப்படியானால் மட்டமான கம்பி கெடுதலே செய்யாதா? செய்யும், ஆனால் அதன் குணம் வேறு. ஒன்றை பூஜ்யம் என்று தப்பாகப் படித்தால் அந்த இடத்தில் சம்பந்தமில்லாத நிறத்தில் ஒரு புள்ளி மின்னும். நிறையத் தப்பானால் திரை முழுதும் மினுக் மினுக்கென்று பொறி பறக்கும். இன்னும் மோசமானால் படம் நொடிக்கொருமுறை கறுத்து மீளும், இல்லை ‘நோ சிக்னல்’ என்று எழுதிக்காட்டும். ஒட்டுமொத்தப் படமும் சீராக மங்குவது, புகை படிவது, வெளிறுவது, இவை எச்.டி.எம்.ஐ. கம்பியால் வரும் வியாதிகளே அல்ல. 2,790 ரூபாய் கொடுத்த பிறகு நான் தெரிந்துகொண்ட விஷயம் இது.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் வீட்டு எச்.டி. செட்டாப் பாக்ஸ் 1080 ஐ என்ற அளவில் படம் அனுப்பும்போது கம்பி வழியே விநாடிக்குச் சுமார் 2.2 கிகாபிட் போகிறது. முழு எச்.டி.க்கு அதைப்போல் இரண்டு மடங்கு. 4 கே படத்துக்கு, அதுவும் விநாடிக்கு 60 படங்கள் என்றால், ஏறத்தாழ 18 கிகாபிட். எச்.டி.எம்.ஐ. கம்பிகளிலேயே கீழ்ப்படியில் உள்ள ‘ஸ்டாண்டர்ட்’ வகைகூட 1080 ஐ-க்குச் சோதிக்கப்பட்டதுதான். அதாவது செய்தியும் சீரியலும் பார்க்க ஒழுங்காகச் செய்த 250 ரூபாய்க் கம்பி தாராளம்.

வேடிக்கை என்னவென்றால், ‘பிரீமியம்’ என்பது வெறும் விளம்பரச் சொல் மட்டும் அல்ல. 2015-ல் எச்.டி.எம்.ஐ. அமைப்பே ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்று ஒரு சான்று முறையைக் கொண்டுவந்தது. 18 கிகாபிட் தாங்குகிறதா என்று கம்பியைச் சோதித்து, தேறினால் பெட்டி மேல் ஒரு முத்திரைச் சீட்டு ஒட்டுவார்கள். அதைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்து அசலா போலியா என்று பார்க்கலாம். அதற்கு மேல் ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்று 48 கிகாபிட்டுக்கு ஒரு சான்று. நம் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாம்சன் 1857-ல் கேட்ட அதே சோதனைச் சான்று! என் கறுப்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிரீமியம் என்று தங்க எழுத்தில் நான்கு இடத்தில் இருந்தது. முத்திரைச் சீட்டு மட்டும் இல்லை. அலுவலகத்தில் இப்படி ஒரு கொட்டேஷன் வந்திருந்தால் முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பேன்.

தங்க முலாமைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தங்கம் துருப்பிடிக்காது, களிம்பேறாது. புதுச்சேரிக் கடற்காற்றில் ஆன்டெனா முனைகள் பூத்துப் போனதைப் பார்த்தவன் என்பதால் அதன் அருமை தெரியும். ஆனால் அந்த முலாம் இன்று 250 ரூபாய்க் கம்பியின் முனையிலும் இருக்கிறது. படத்துக்கு அது நிறம் கூட்டாது.

இந்த விஷயத்தில் வெள்ளைக்காரர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எழுபதுகளின் கடைசியில் மான்ஸ்டர் என்ற கம்பெனி தடித்த ஸ்பீக்கர் கம்பியை விற்கத் தொடங்கியது. ஸ்பீக்கர் கம்பி அனலாக், நீளமாகப் போட்டால் தடிமனுக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. அந்த மோகம் டிஜிட்டல் கம்பிக்கும் தாவியது. 2008-ல் ஜப்பானின் டெனான் கம்பெனி ஒன்றரை மீட்டர் நெட்வொர்க் கம்பி ஒன்றை 499 டாலருக்கு விற்றது. அன்றைய கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். எந்தத் திசையில் மாட்ட வேண்டும் என்று அதில் அம்புக்குறி வேறு. ஒன்றும் பூஜ்யமும் அம்பு பார்த்துப் போவதில்லை. உலகமே சிரித்தது.

ஆனால் கூடுதல் விலைக்கு வேலையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். தாம்சன் சொன்ன நீளத்தின் சாபம் இன்னும் தீரவில்லை. வேகம் கூடக்கூட, நீளம் கூடக்கூட, ஒன்றும் பூஜ்யமும் அட்லாண்டிக் கேபிளின் புள்ளிகள் போலவே ஈஷிக்கொள்ளும். இரண்டு மூன்று மீட்டரில் கவலை இல்லை. ஐந்து மீட்டரைத் தாண்டி 4 கே அனுப்ப வேண்டுமானால் சான்று பெற்ற நல்ல கம்பி வேண்டும். பத்து, பதினைந்து மீட்டர் என்றால் உள்ளேயே சிக்னலைத் தூக்கிவிடும் சிப் வைத்ததோ, கண்ணாடி இழையில் ஓடுவதோ வேண்டும். அவை விலை கூடியவை, அந்த விலை நியாயமானது. சுவருக்குள் புதைக்கும் கம்பிக்கும் கஞ்சத்தனம் கூடாது. பிறகு சுவரை உடைக்கும் கூலி யார் கொடுப்பது?

இதற்குச் சாட்சியாக ஒரு கல்யாணம். போன வருடம் உறவுக்காரப் பெண்ணின் முகூர்த்தம், மண்டபம் எதுவென்று வேண்டாம். மேடையில் நடப்பதைப் பின்வரிசைக்குக் காட்டப் பெரிய திரை. கேமராவிலிருந்து திரைக்கு மலிவான நீளக் கம்பி ஒன்று தரையில் ஓடியது. காலையிலிருந்து அவ்வப்போது பொறி பறந்துகொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. கெட்டி மேளம் என்றதும் எல்லோரும் எழுந்தார்கள், யாரோ கம்பியை மிதித்தார்கள், திரை கறுத்தது. தாலி ஏறியதைப் பின்வரிசையில் யாரும் பார்க்கவில்லை. அனலாக் காலமாக இருந்தால் மங்கலாகவாவது பார்த்திருப்போம். டிஜிட்டலில் அந்தத் தாட்சண்யம் கிடையாது.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பொங்கலுக்குப் பேரன் வந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். கறுப்புப் பெட்டியைப் பார்த்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தாத்தா, எவ்வளவு?” என்றான். உண்மையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. டிவியோடு வந்திருந்த பழைய கம்பியை அலமாரியிலிருந்து தேடி எடுத்தான். பாட்டி அடுப்படியில் இருந்தபோது மாற்றி மாட்டிவிட்டான். அவள் வந்து உட்கார்ந்ததும், “பாட்டி, படம் எப்படி இருக்கு?” என்றான்.

“தாத்தா புது ஒயர் போட்டதிலிருந்து நல்லாத்தான்டா இருக்கு. முன்னதான் ஒரே புகையா இருந்துச்சு.”

மாட்டியிருந்தது பழைய ஒயர். பேரன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இரவில் என்னிடம் வந்து சொன்னான்: “தாத்தா, இந்தக் கம்பியால படத்தை மங்கலாக்கவே முடியாது. வந்தா முழுசா வரும், இல்லேன்னா புள்ளி அடிக்கும், இல்லேன்னா வராது. உங்களுக்கும் எனக்கும் தெளிவாத்தானே தெரியுது? அப்ப பாட்டிக்கு மட்டும் ஏன் புகை?”

சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவளைப் பத்தடி தள்ளி நிற்க வைத்து, இடது கண்ணை மூடச் சொன்னேன். பெரிய தேதியைப் படித்துவிட்டாள். வலது கண்ணை மூடச் சொன்னேன். “என்ன தேதிங்க இது, யாராச்சும் அழிச்சிட்டாங்களா?” என்றாள். என் வயிற்றில் என்னவோ செய்தது. மார்கழியிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கம்பியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பி மாற்றியதும் “தெளிவா இருக்கு” என்றது, நான் வெயிலில் டவுனுக்கு அலைந்து வந்ததற்காகச் சொன்ன சொல்.

அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் முற்றியிருந்தது. அரவிந்தின் கதையை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில் ஏழைகளுக்கு அது எட்டாக்கனி. 1992-ல் ஆரோலேப் என்று இங்கேயே ஒரு நிறுவனம் தொடங்கி, அதே லென்ஸை வெகு குறைந்த விலையில் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று பல நாடுகளுக்குப் போகிறது.

ஆலோசனை சொன்ன பெண் பலவகை லென்ஸையும் விலையோடு சொன்னாள். இந்த முறை நான் பழைய ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக உட்கார்ந்து கேட்டேன். இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம், எது யாருக்கு, அதிக விலை கொடுத்தால் இவளுக்கு என்ன கூடுதலாகத் தெரியும்? அவள் சலிக்காமல் பதில் சொன்னாள். தூரப் பார்வை தெளிவாக வேண்டும், படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன் என்றாள் என் மனைவி. அதற்கு நடுத்தர விலை லென்ஸ் போதும் என்றார்கள். அதையே வைத்தார்கள்.

பச்சைத் துணி எடுத்து, சொட்டு மருந்துக் கெடு முடிந்து, புதுக் கண்ணாடியும் வந்த பிறகு ஒருநாள் டிவி ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழ்த்தட்டில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில் விலைச்சீட்டு. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னங்க, முந்நூத்தம்பதுன்னு சொன்னீங்க?”